எங்க ஊர்ப் பலகையும் தமிழில்தான் இருந்தது

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசி வரைக்கும் மலையாள எழுத்து முளைத்துவிடும். லாட்ஜ், ஓட்டல், எண்ணெய் மசாஜ் எல்லாப் பலகையிலும் மலையாளம். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்று விதி இருக்கே, அளந்தாயா என்று தமிழ்ப்பற்றாளர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். 1952இல் பெரியார் ரயில் நிலையங்களில் இந்தியைத் தார் பூசி அழித்ததும் நியாயந்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேற. எங்க பஸ் நிறுத்தத்துப் பலகையில் முழுக்கத் தமிழ் எழுத்துதான். எழுதியிருந்தது 'அரிசனக் காலனி'. காலனி என்ன தமிழ்ச் சொல்லா? பஸ்ஸைப் பேருந்து ஆக்கினீர்கள். ஓட்டலை உணவகம் ஆக்கினீர்கள். டீயைக்கூடத் தேநீர் ஆக்கினீர்கள். காலனி மட்டும் உங்க கண்ணில் படாமல் போனது எப்படி அய்யா?

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்டக்டர் கத்துவார்: "காலனியெல்லாம் எறங்குல!" கூடப் படிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். நான் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் பையைச் சுமந்து நடந்துவருவேன். அழிக்க வேண்டிய பலகை எது என்று எனக்கு அப்பவே தெரியும். தார்தான் கையில் இல்லை.

பலகையில் ஒரு பேரு, இதுக்கா இவ்வளவு என்கிறீர்களா? 1997ஐ நினைத்துப் பாருங்கள். விருதுநகரில் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்துச் செத்தவர். தலித் பேர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கலவரத்தில் இறங்கின. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அத்தனையிலும் இருந்த தலைவர்கள் பேரையே அரசு எடுத்துவிட்டது. எங்க தென்காசி பஸ்ஸில் இருந்த கட்டபொம்மன் பேரும் போச்சு. சுந்தரலிங்கம் என்று தமிழில்தானே எழுதியிருக்கு, பேசாமல் ஏறு என்று எந்த மொழிக்காவலரும் சொல்லி நான் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் 29இல் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் ஊர், தெருக்களின் சாதிப் பேர்களை மாற்ற அரசாணையும் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் கணக்குப் பாருங்கள்: இந்திக்குத் தார் பூசி 73 வருசம் கழித்து.

பலகையை அழிக்கலாம். வாயில் இருப்பதை யார் அழிப்பது? எங்க அம்மா அய்ந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் விற்றாள். அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. ரெண்டே சீசனில் மலையாளத்தில் விலை பேசப் படித்துக்கொண்டாள். பிழைக்கணுமே!

பட்டம் வாங்கின ஊர்க்காரர்களே, நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொள்ளும் ஒரே ஒரு பேரைச் சொல்லிப் பழக உங்களுக்கு எத்தனை சீசன் வேணும்?