மேல்மாடிச் சூடு: பெயின்ட் டப்பா மட்டும் போதுமா?

சென்னையிலோ மதுரையிலோ வாடகைக்கு வீடு தேடுபவர், "மேல்மாடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போகிறார். காரணம் ஊரறிந்தது. சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கும் அங்கே மின்விசிறி அனலைத்தான் இறக்குகிறது. சுவரில் சாய்ந்தால் முதுகு சுடுகிறது. மொட்டை மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது, தென்னங்கீற்று பரப்புவது, கடைசியில் தவணையில் ஏ.சி. வாங்கி மாட்டுவது என்று வைத்தியம் நீளும். கூரையை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. பத்துக்குப் பத்து அறையின் கூரை ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, அந்தச் சின்ன அறையின் தலையில் மட்டும் ஒன்பது கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடியதோ மூன்றரைக் கிலோவாட். விழுவதெல்லாம் உள்ளே வந்துவிடுவதில்லை. ஒரு பகுதி வானத்துக்கே திரும்பிவிடும், ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகும். மிச்சத்தைக் கான்கிரீட் வாங்கி வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல்லைப் போல, நாலைந்து மணி நேரம் கழித்துக் கீழே இறக்குகிறது. வேலைக்குப் போனவர் வீடு திரும்பிப் படுக்கும் நேரமும் அதுதான்.

பழைய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் பரப்புவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். மேலே தட்டோடு. கான்கிரீட் வந்த பிறகும் அந்த வழக்கம் 'சுருக்கி' என்ற பெயரில் ஒட்டிக்கொண்டது. 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கூடாது என்று பொதுப்பணித் துறை விவரக்குறிப்பே சொல்கிறது. இன்று பல இடங்களில் சுண்ணாம்பு போய்ச் சிமென்ட் வந்துவிட்டது. தட்டுவதற்கு ஆளும் இல்லை, கட்டுபவருக்குப் பொறுமையும் இல்லை.

சுருக்கியைச் சரியாகப் போட்டாலும் இன்றைய அளவுகோலுக்கு அது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' ஒரு வரம்பு வைத்திருக்கிறது: வெளியேயும் உள்ளேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் இறங்கக் கூடாது. ஆறு அங்குல வெறும் கான்கிரீட்டில் இது மூன்றைத் தாண்டும். மூன்று அங்குலச் சுருக்கி அதை இரண்டரைக்குப் பக்கத்தில் கொண்டுவரும், அவ்வளவுதான். எக்ஸ்பிஎஸ் எனப்படும் அடர்த்தியான நுரைப் பலகையை ஓர் அங்குலத்துக்குப் போட்டால் ஒன்றுக்குக் கீழே போய்விடுகிறது. அந்த ஓர் அங்குலம் செய்கிற வேலையைக் கான்கிரீட் செய்ய, ஏறக்குறைய நான்கு அடி கனத்துக்குக் கூரை போட வேண்டியிருக்கும்.

பிறகு கூலிங் பெயின்ட். இதைக் குறை சொல்வதற்கில்லை. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, செலவும் குறைவு. ஏழை வீடுகளுக்கு, குறிப்பாக ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளுக்கு, உடனடியாகக் கைக்கு எட்டும் நிவாரணம் இதுதான். அகமதாபாத் மாநகராட்சி இதைத் தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் தூசி படிந்தால் பூச்சின் பலன் குறையும். கழுவ வேண்டும், சில ஆண்டுகளில் மறுபடி அடிக்க வேண்டும். "பத்து டிகிரி குறையும்" என்ற விளம்பரத்தைப் பார்ப்பவர் ஒரு கேள்வி கேட்கலாம்: குறைவது கூரைப் பரப்பின் சூடா, அறைக்குள் இருக்கும் காற்றின் சூடா? பெரும்பாலும் முன்னதைத்தான் சொல்கிறார்கள். அறைக்குள் கிடைப்பது அதில் ஒரு பங்கு.

பொருளைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர்கள் அதைப் போடுகிறவரை விசாரிப்பதில்லை. பலகை எந்த கம்பெனி என்று பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு, வேலையைச் சதுர அடிக்கு யார் குறைத்துக் கேட்கிறாரோ அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கூரைக் காப்பு கெடுவது பெரும்பாலும் கைவேலையில்தான். விரிசலை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்பு செய்து, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே பலகை வர வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போனால் அடுத்த ஐப்பசி மழையில் உள்கூரை பூக்கும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, போட்ட அத்தனையையும் உடைக்க வேண்டும். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டால் வெப்பம் அங்கே வழி கண்டுபிடித்துவிடும். மின்னும் அலுமினியப் படலத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் பலன். கான்கிரீட்டோடு ஒட்டிச் சாந்தில் புதைத்தால் அது வெறும் அலங்காரம்.

எளிதில் கண்ணில் படாத இடம் ஒன்று உண்டு: மாடிப்படி அறையின் வாசற்படி. பலகை, சாந்து, ஓடு என்று மூன்று நான்கு அங்குலம் ஏறியதும் மொட்டை மாடித் தரை அந்தப் படிக்குச் சமமாக வந்துவிடுகிறது. முதல் கனமழையில் தண்ணீர் படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்கும். அனுபவமுள்ள மேஸ்திரி வந்தவுடன் அளவு நாடாவை அங்கேதான் வைப்பார். பழைய சுருக்கியின் மேலேயே இன்னொரு சுருக்கி போடச் சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. மூன்று அங்குலச் சுருக்கி நூறு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை. முப்பது நாற்பது வருடக் கட்டடம் அதைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆள் சரியில்லாவிட்டால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. ஆஸ்திரேலிய அரசு 2009-இல், பொருளாதார மந்தத்தை விரட்ட, வீட்டுக் கூரைகளுக்கு இலவசமாகக் காப்பு போடும் திட்டத்தை அவசரமாக இறக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. பயிற்சி இல்லாத நிறுவனங்கள் ஈசலாகக் கிளம்பின. இளம் தொழிலாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். மூவர் மின்சாரம் பாய்ந்து, ஒருவர் கூரைக்கடியில் இருந்த வெப்பம் தாளாமல். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் ராயல் கமிஷனே அமைத்து விசாரித்தார்கள். இங்கும் ஃபால்ஸ் சீலிங்குக்காகத் துளையிடும்போது, கான்கிரீட்டுக்குள் ஓடும் மின்குழாய் எங்கே என்று கேட்கிற ஆள் எத்தனை பேர்? ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைத்தால் பறக்கும் இழைகள் நுரையீரலுக்குக் கேடு என்பதும் பலருக்குத் தெரியாது.

எனவே, வேலை கேட்டு வருபவரிடம் போன வாரம் முடித்த மாடியைக் காட்டச் சொல்லிப் பயனில்லை. இரண்டு மழைக்காலம் பார்த்த மாடியைக் காட்டச் சொல்ல வேண்டும். கொட்டேஷனில் பலகையின் கனம் எத்தனை மில்லிமீட்டர், அடர்த்தி எவ்வளவு, பெயின்ட் என்றால் எத்தனை கோட், எத்தனை லிட்டர் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தெர்மாகோலுக்கும் அடர்த்தி கணக்கு உண்டு. டிவி பெட்டிக்குள் வருவது கூரைக்கு ஆகாது. உத்தரவாதம் பொருளுக்கா, வேலைக்கா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். தை, மாசியிலேயே வேலையை ஆரம்பிப்பது நல்லது. சூடு தாங்காமல் வைகாசியில் ஓடுபவருக்கு நல்ல மேஸ்திரி கிடைக்க மாட்டார்.

தனிமனிதர் கவனத்தோடு இது முடிந்துவிடாது. ஈகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளைத் தொடுவதில்லை. அதாவது ஒன்றரை கிரவுண்டு, இரண்டு கிரவுண்டில் வீடு கட்டும் நடுத்தரக் குடும்பம் கணக்கிலேயே இல்லை. சென்னையில் 45 டிகிரி பதிவான 2003-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. வரைபட அனுமதிக்கு வருபவரிடம் மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்கிற மாநகராட்சி, கூரைக்கு மேல் என்ன போடப் போகிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். அந்த வேலையைச் செய்யக் கொத்தனார்களுக்கு அரசு செலவில் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும்.