ஹாப் அடுப்பு வாங்கப் போறீங்களா? 40,000 ரூபாய் கண்ணாடிக்கா, தீக்கா?

புது ஃபிளாட்டுக்கு மாடுலர் கிச்சன் போடும் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். மேடை மேல் வைக்கிற சாதாரண கேஸ் அடுப்பா, கிரானைட்டை வெட்டிப் பதிக்கிற ஹாப்பா? மூன்று பர்னர் சாதாரண அடுப்பு 5,000 ரூபாய் வாக்கில் நல்லதாகவே கிடைக்கிறது. கொஞ்சம் நல்ல ஹாப் என்றால் 20,000, 40,000 என்று போகும். இறக்குமதி பிராண்டு லட்சத்தையும் தாண்டும்.

இதில் இப்போது புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜ், ஏசி மாதிரியே எல்.பி.ஜி அடுப்புகளுக்கும் 2026 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம். நாட்டின் எல்.பி.ஜி தேவையில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதனால் அடுப்பில் வீணாகும் வெப்பம் அரசுக்கும் கவலைதான். 'அதிக ஸ்டார், அதிக மிச்சம், அதனால்தான் விலை' என்று ஷோரூமில் சொல்வார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

ஸ்டாரால் எவ்வளவு மிச்சம்?

வீட்டு எல்.பி.ஜி அடுப்புக்கான இந்தியத் தரநிலை, குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது எரியும் வாயுவின் வெப்பத்தில் 68 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள 5,000 ரூபாய் அடுப்புக்கும் இதுதான் விதி.

நீங்கள் வாங்கும் ஹாப் 74 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10 சிலிண்டர் செலவாகும் வீட்டில் அது சுமார் 9.2 சிலிண்டராகக் குறையும். 2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பிறகு சென்னையில் இருந்த 868.50 ரூபாய் விலையை வைத்துப் பார்த்தால், மிச்சம் வருடத்துக்கு 700 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 35,000 ரூபாயைத் திரும்ப எடுக்க 50 வருடம் ஆகும்!

ஸ்டார் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே விலையில் இரண்டு அடுப்பு இருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். ஆனால் பெரிய விலைக்கு அது காரணம் ஆகாது. இன்னொன்று, இந்தத் திறனை ஆய்வகத்தில் அளக்கும்போது பர்னருக்குப் பொருத்தமான அளவுள்ள பாத்திரத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். வீட்டில் பெரிய பர்னரில் காபி டம்ளர் அளவுப் பாத்திரத்தை வைத்தால் எந்த ஸ்டாரும் காப்பாற்றாது.

பெரிய தீ யாருக்கு வேண்டும்?

அடுத்த விளம்பர வார்த்தை கிலோவாட். அமெரிக்க பிராண்டு என்றால் பி.டி.யு என்று போட்டிருப்பார்கள். சுமார் 3,400 பி.டி.யு ஒரு கிலோவாட், பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டல் அடுப்பு மாதிரியான ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவரும் மோகத்துக்கு வழி போட்டது மிசிசிப்பியின் வைக்கிங் நிறுவனம். 1987-ல் அவர்கள் விற்க ஆரம்பித்த அந்த ரகம்தான் இன்று உலகம் முழுக்க 'ப்ரொஃபஷனல்' என்ற பெயரில் வருகிறது.

மூன்று வளையம் உள்ள 5 கிலோவாட் பர்னரை முழுசாக எரியவிட்டால் மணிக்குச் சுமார் 390 கிராம் எல்.பி.ஜி காலியாகும். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் 36 மணி நேரம்தான் வரும். இந்த பர்னர் சீன வோக் சட்டிக்காக உருவானது. இருபது பேருக்கு பிரியாணி, எண்ணெய்ச் சட்டி, பெரிய தோசைக்கல் என்றால் உதவும். மற்ற நாளெல்லாம் தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி, கைப்பிடியைத்தான் சூடாக்கும்.

நம் சமையலுக்கு உண்மையில் வேண்டியது எதிர்ப்பக்கம்: எவ்வளவு சின்னதாக எரிய முடியும்? பால் காய்ச்சணும், ரசம் நுரை கூடி வரும்போது இறக்கணும், பிரியாணிக்கு தம் போடணும். இதெல்லாம் 'சிம்'மில் நடக்கிற வேலை. இதை பிரோஷரில் பெரிசாகப் போட மாட்டார்கள். கடையில் லைவ் டெமோ கேளுங்கள். சின்ன பர்னரைக் கடைசி சிம்முக்குக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்து கேபினட் கதவை நீங்களே வேகமாகத் திறந்து மூடுங்கள். தீ அணைந்தால் அந்த மாடல் வேண்டாம். கையோடு, வீட்டிலுள்ள குக்கர், இருப்புச்சட்டி அளவில் இரண்டு பாத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு பர்னர் என்று வாங்கிவிட்டு இரண்டில் மட்டும் சமைக்கிற வீடுகள் நிறைய.

பணம் கொடுக்க வேண்டிய ஒரே அம்சம்

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. நீங்கள் ஹாலில் ஆபீஸ் காலில் இருக்கிறீர்கள். கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும்.

இந்தச் சூழலுக்காக உள்ளதுதான் எஃப்.எஃப்.டி எனப்படும் தீ அணைவுப் பாதுகாப்பு. பர்னர் பக்கத்தில் பென்சில் முனை மாதிரி ஒரு உலோகக் குச்சி நிற்கும். தீயில் அது சூடாக இருக்கும்வரை சிறிய மின்சாரம் உண்டாகி, வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். தீ போனால் குச்சி ஆறும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். கரன்ட்டோ பேட்டரியோ தேவையில்லை. பற்றவைக்கும்போது குமிழைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு.

பல விலை உயர்ந்த மாடல்களிலேயே இது கிடையாது, அல்லது ஒரே பெயரில் இருக்கிற மாடல், இல்லாத மாடல் என இரண்டு வரும். 'ஆட்டோ இக்னிஷன் இருக்கு சார்' என்று சொன்னால் ஏமாற வேண்டாம். அது பற்றவைக்க மட்டும். வயதான பெற்றோர் தனியாகச் சமைக்கும் வீடு என்றால், என்னைக் கேட்டால், கண்ணாடி, பிராண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எஃப்.எஃப்.டி எல்லா பர்னரிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. அது டஃபண்ட் கிளாஸ். உடைந்தால் கூர்மையான துண்டுகளாக இல்லாமல் பொடிப்பொடியாகச் சிதறும். ஓரத்தில் பட்ட சின்ன அடி, சூடாக இருக்கும்போது ஊற்றிய பச்சைத் தண்ணீர், ஹாப்பைவிட அகலமான கல்லின் அடியில் சிக்கிய வெப்பம் இதில் எதுவும் உடைக்கலாம். வாரன்டி கார்டில் கண்ணாடி உடைவதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று பில் போடும் முன் படியுங்கள். ஸ்டீல் மேற்பரப்பு அழகு குறைவுதான், ஆனால் இந்தத் தலைவலி இல்லை.

மேடைக்குக் கீழே என்ன நடக்கிறது?

டிசைனரின் 3டி படத்தில் தெரியாத இடம் இது. பல ஹாப் பர்னர்கள் எரிவதற்கான காற்றை மேடைக்கு அடியிலிருந்து இழுக்கின்றன. அங்கே நாலு பக்கமும் அடைத்து இழுப்பறை போட்டுவிட்டால் காற்று போதாது. நீலத் தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும். ஐரோப்பிய பாணி பர்னர்கள் சில மேலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். உங்கள் மாடல் எந்த வகை என்று கார்பென்டர் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரும் அதே கேபினட்டுக்குள் என்றால் கதவின் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். குழாய் ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' குழாயாக இருக்கட்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். மாடுலர் கிச்சனில் அது கண்ணில் படாத இடத்தில் இருப்பதால்தான் மறந்துபோகிறது. புகைபோக்கி வெளியே குழாய் விட்டதாக இருந்தால்தான் இந்தப் புகைகள் வெளியே போகும். கார்பன் ஃபில்டர் மட்டும் வைத்த சிம்னி வாசனையைக் குறைக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது.

எண்ணூரில் 2019-ல் எல்.என்.ஜி முனையம் வந்த பிறகு சென்னையில் குழாய் கேஸ் இணைப்புகள் பரவிவருகின்றன. உங்கள் அப்பார்ட்மென்ட்டில் அந்தப் பேச்சு அடிபட்டால் இதையும் யோசியுங்கள். எல்.பி.ஜி 30 மில்லிபார் அழுத்தத்தில் வரும், குழாய் இயற்கை எரிவாயு 21 மில்லிபாரில். அதன் வெப்பச் செறிவும் குறைவு. அதனால் ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும். ஜெட் மாற்றாமல் இணைத்தால் தீ சோம்பலாக எரியும். சில பிராண்டுகள் மாற்று ஜெட் செட்டைப் பெட்டியிலேயே தருகின்றன, சில நிறுவனங்களிடம் அந்தப் பாகமே இருக்காது.

கடைசியாக கிரானைட். ஒவ்வொரு பிராண்டின் வெட்டு அளவும் வேறு. என் வீட்டில் முதல் ஹாப் பழுதானபோது, அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றார் சர்வீஸ்காரர். வேறு பிராண்டு எதுவும் அந்த ஓட்டையில் உட்காரவில்லை. சிலது ஒரு அங்குலம் சின்னது, உள்ளே விழுந்துவிடும். மறுபடி கல் வெட்டும் மெஷின், வீடு முழுக்கத் தூசி, மூன்று நாள் வெளியே சாப்பாடு. இப்போது யாராவது கேட்டால் சொல்வது இதுதான்: ஹாப்பைத் தேர்வு செய்த பிறகு, அதே அளவு வெட்டில் உட்காரும் வேறு இரண்டு மாடலையும் தேடி எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் கல்லில் கை வைக்கச் சொல்லுங்கள்.