இறங்கிடுச்சு, ஆனா எங்கே?

ஊருக்கு வீடியோ கால் போட்டால் நலம் விசாரித்து முடித்ததும் பல வீடுகளில் வரும் கேள்வி இது: "ஏம்ப்பா, அந்த ஃபைல் இறங்கிடுச்சுன்னு காட்டுது. எங்க போச்சுன்னுதான் தெரியல." அப்பா அதையே நாலு தடவை இறக்கியிருப்பார். பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று வரிசையாக நிற்கும். "அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று நாமும் சொல்லிவிடுவோம். என் கட்சி வேறு. குறை அப்பாவிடம் இல்லை, அந்த டவுன்லோடு விண்டோவில் இருக்கு.

ஃபயர்ஃபாக்ஸில் முன்பு டவுன்லோடுக்குத் தனி விண்டோ திறக்கும். 2013-ல் அதை எடுத்துவிட்டு, மேலே ஒரு அம்புக்குறிக்குள் வைத்தார்கள். குரோமில் 2008 முதல் திரையின் அடியில் ஒரு பட்டை வரும். 2023-ல் அதுவும் மேல் மூலைக்குப் போய்விட்டது. திரையில் இடம் மிச்சம், உண்மைதான். ஆனால் பத்து வருஷமாக அடியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மேலே இருக்குன்னு யார் சொல்வது?

இந்த விண்டோவை என்னிடம் கொடுத்தால் முதலில் நாலு விஷயத்தை மாற்றுவேன்.

முதலாவது, மீதி நேரம். "5 நிமிஷம்" என்று காட்டும், அடுத்த நொடி "2 மணி நேரம்" என்று பயமுறுத்தும். மீதி அளவை இப்போதைய வேகத்தால் வகுத்தால் அப்படித்தான் குதிக்கும். கடைசி பத்து, இருபது விநாடிகளின் சராசரி வேகத்தை எடுத்து, "சுமார் 5 நிமிஷம்" என்று சொன்னால் போதும். சில சர்வர்கள் ஃபைலின் மொத்த அளவையே சொல்லாது. அப்போது பொய்யாக ஒரு சதவீதம் காட்டாமல், இதுவரை வந்த அளவை மட்டும் காட்டணும்.

இரண்டாவது, பாதியில் நின்றால். "நெட்வொர்க் எரர்" என்றால் அம்மா என்ன செய்வார்? "இணைப்பு போயிடுச்சு. 700 எம்பி வந்தது பத்திரமா இருக்கு" என்று சொல்லி, பக்கத்தில் "தொடர்" பொத்தான் வைக்கலாம். விட்ட இடத்திலிருந்து அனுப்பும் வசதி எச்டிடிபியிலேயே இருக்கு. ஆனால் எல்லா சர்வரும் அதற்கு ஒத்துழைக்காது. அந்த மாதிரி இடத்தில் "முதலிலிருந்து இறக்கு" என்று நேர்மையாகப் போட்டுவிடணும்.

மூன்றாவது, நீக்குவது. பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது வேறு, ஃபைலையே அழிப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே குப்பைத்தொட்டி படம் போட்டால், பட்டியலைச் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துப் பத்திர ஸ்கேனையே அழித்துவிடுவார்கள். இங்கே படம் போதாது, வார்த்தையாகவே எழுதணும்.

நாலாவதுதான் முக்கியம். முடிந்ததும் "முடிந்தது" என்று மட்டும் சொல்லி நிற்கக் கூடாது. "திற", "இருக்கும் இடத்தைக் காட்டு" என்ற இரண்டு பொத்தான்களும் உடனே கண்ணில் படணும். பல விண்டோக்களில் இருப்பிடம் ஒரு சின்ன ஃபோல்டர் படத்துக்குள் ஒளிந்திருக்கு. அப்பாவுக்கு எத்தனை எம்பி வேகத்தில் வந்தது என்பது தேவையில்லை. வந்துடுச்சா, எங்க இருக்கு, இனி நான் என்ன செய்யணும், இவ்வளவுதான் கேள்வி.

விண்டோ மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கால்ல இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்க. விண்டோஸ் கம்ப்யூட்டரில், குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ, கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் இறக்கியதெல்லாம் தெரியும். செட்டிங்ஸில், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று கேட்கச் சொல்லும் வசதியைப் போட்டுவிட்டு, டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. அப்புறம் அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க.