சுவிட்ச் விளக்கு சொல்வது உண்மையா?

காருக்குள் ஒரு சுவிட்ச். அழுத்தினால் அதற்குள்ளேயே ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிகிறது. எரிந்தால் என்ன அர்த்தம்? "வேலை நடக்கிறது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பல கார்களில் அந்த விளக்கு சொல்வது "என்னை யாரோ அழுத்தினார்கள்" என்பதை மட்டும்தான். அழுத்தியது அழுத்தியவருக்கே தெரியுமே! அதைச் சொல்ல எதற்கு ஒரு விளக்கு?

பந்தயத்துக்காகவோ ஆசைக்காகவோ என்ஜினை மாற்றியமைப்பவர்கள், கம்பெனி கொடுத்த இசியுவைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறார்கள். இசியு என்றால் என்ஜினின் கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க் எல்லாம் இதில் பெயர் பெற்றவை. கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு, புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் இருக்கிறது. பாகங்களை வாங்கி வீட்டிலேயே சால்டர் வைத்துச் செய்துகொள்ளலாம்.

இசியு பொருத்தியதும் அடுத்த ஆசை, டாஷ்போர்டில் வரிசையாக ஒளிரும் சுவிட்ச்கள். லாஞ்ச் கண்ட்ரோலுக்கு ஒன்று, ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. பார்க்க விமானம் மாதிரி இருக்கும்! பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பம்.

கட்டளையும் கோரிக்கையும்

பழைய காரில் சுவிட்ச் என்றால் கட்டளை. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சுவிட்ச் வழியாகவே விளக்குக்கோ மோட்டாருக்கோ போகும். சுவிட்ச் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். அதனால் சுவிட்ச்சுக்குள் உள்ள பல்பும் ஓரளவு உண்மையே பேசியது.

இசியு வந்த பிறகு சுவிட்ச் ஒரு கோரிக்கை மனு மட்டுமே. "ஏசி வேண்டும்" என்று ஓட்டுநர் கேட்கிறார். முழு ஆக்சிலரேட்டர் அழுத்தியிருந்தால் இசியு "இப்போது முடியாது" என்று கம்ப்ரஸரை நிறுத்தி வைக்கலாம். லாஞ்ச் கண்ட்ரோலும் அப்படித்தான். கிளட்ச் அழுத்தியிருக்க வேண்டும், கார் நின்றிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்திருப்பார்கள். ஒன்று குறைந்தாலும் இசியு மனுவை ஏற்காது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காசோலை எழுதிக் கொடுத்தவுடன் ரொக்க ஏட்டில் பதிவு செய்துவிடுகிறோம். அதற்காக வங்கியில் பணம் குறைந்துவிட்டதா? அது பாஸ்புக்கைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தானே முதலாண்டிலேயே வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடச் சொல்லித் தருகிறார்கள்! சுவிட்ச் சொல்வது ரொக்க ஏடு. இசியு செய்வது பாஸ்புக். விளக்கை ரொக்க ஏட்டோடு இணைத்துவிட்டு, பாஸ்புக்கைப் பார்த்ததாக நினைத்துக்கொள்வதுதான் தவறு.

நஷ்டம் என்ன?

பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். லாஞ்ச் சுவிட்ச்சில் விளக்கு எரிகிறது. என்ஜின் சுற்றை இசியு கட்டுப்படுத்தும் என்று நம்பி ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார். கிளட்ச் சென்சார் வயர் கழன்றிருந்தால் இசியு லாஞ்ச் கண்ட்ரோலுக்குள் போகவே இல்லை. என்ஜின் கட்டுப்பாடில்லாமல் உச்சத்துக்கு ஏறுகிறது. கிளட்ச்சை விட்டதும் டயர் வழுக்குகிறது. விளக்கு மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது!

ஃபேன் விஷயம் இன்னும் மோசம். வெயிலில் கார் நகராமல் நிற்கிறது. ஃபேன் சுவிட்ச்சைப் போட்டாயிற்று, விளக்கும் எரிகிறது. ஆனால் ஃபேன் ஃபியூஸ் போய்விட்டது. நிம்மதியாக இருக்கும் ஓட்டுநர் வெப்பமானியைப் பார்ப்பதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விடலாம். விளக்கே இல்லாதிருந்தால் அவர் ஒருமுறையாவது காதைக் கொடுத்துக் கேட்டிருப்பார். பொய் சொல்லும் விளக்கு, விளக்கு இல்லாததைவிட ஆபத்தானது.

இது பெரிய வார்த்தையாகத் தெரிகிறதா? 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலேண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, வால்வுக்கு "மூடு" என்ற சமிக்ஞை போயிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும்படி இணைக்கப்பட்டிருந்தது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது காட்டவில்லை. ஊழியர்கள் விளக்கை நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அணு உலையின் எரிபொருள் பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கட்டளையைக் காட்டிய விளக்கை நிலைமையைக் காட்டுவதாக எடுத்துக்கொண்டது அவற்றில் முக்கியமான ஒன்று. காரில் ஃபேன் சுவிட்ச்சைத் தப்பாக இணைப்பவரும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்கிறார்.

மூன்று பின் சுவிட்ச்சின் பொறி

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒளிரும் சுவிட்ச்சுக்குப் பெரும்பாலும் மூன்று பின்கள். ஒன்று பேட்டரிக்கு, ஒன்று ஓட வேண்டிய சாதனத்துக்கு, மூன்றாவது எர்த்துக்கு. உள்ளே இருக்கும் பல்பு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருக்கும். பழைய முறைக்கு இது சரி.

இசியுவின் சுவிட்ச் இன்புட் பெரும்பாலும் வேறு மாதிரி. உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் இருக்கும். சுவிட்ச் அதை எர்த்தோடு சேர்த்தால் "அழுத்தப்பட்டது" என்று இசியு புரிந்துகொள்ளும். ஆகவே சிலர் முதல் பின்னை எர்த்துக்கும், இரண்டாவதை இசியுவுக்கும், பல்பு எரிய வேண்டுமே என்று மூன்றாவதை 12 வோல்ட்டுக்கும் கொடுக்கிறார்கள். அழுத்தினால் பல்பு எரியும், இசியுவும் வேலை செய்யும். ஆகா, முடிந்தது என்று தோன்றும். சுவிட்ச்சை அணைத்தால்? பல்பின் இழை வழியாக ஏறக்குறைய முழு 12 வோல்ட்டும் இசியுவின் 5 வோல்ட் இன்புட்டுக்குள் நுழையும். சில இசியு தாங்கும், சில தாங்காது. இழைப் பல்புக்குப் பதில் எல்இடி இருந்தால் திசை தலைகீழாகிவிடுவதால் விளக்கே எரியாது.

நடுவில் ஒரு டயோடு வைத்து (கோடு போட்ட முனை சுவிட்ச் பக்கம் இருக்க வேண்டும்) 12 வோல்ட் உள்ளே போகாமல் தடுக்கலாம். இசியு பிழைத்துக்கொள்ளும். ஆனால் விளக்கு அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரியான வழி

விளக்குக்கென்று தனியாக இரண்டு பின்கள் உள்ள சுவிட்ச்சை வாங்க வேண்டும். சுவிட்ச்சின் இரு பின்களில் ஒன்று இசியு இன்புட்டுக்கு, மற்றது எர்த்துக்கு. அதோடு சுவிட்ச் வேலை முடிந்தது. விளக்கின் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட். மறுமுனை இசியுவில் காலியாக இருக்கும் ஒரு அவுட்புட்டுக்கு. இசியு அந்த அவுட்புட்டை எர்த் செய்தால் விளக்கு எரியும். எப்போது எரிய வேண்டும் என்ற நிபந்தனையை மென்பொருளில் எழுதிவிடலாம். லாஞ்ச் கண்ட்ரோல் உண்மையிலேயே தயாரானால் மட்டும் எரியும். எரியவில்லை என்றால் ஓட்டுநர் மிதிக்க மாட்டார்.

அந்த 12 வோல்ட்டை இசியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் அதே ரிலேயிலிருந்து எடுப்பது நல்லது. பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், சாவியைத் திருப்பிய பிறகும் விளக்கு வழியாகக் கரண்ட் உள்ளே ஊர்ந்து சில இசியுக்களை முழுமையாக அணைய விடாது.

ஃபேனுக்கு இதுவும் போதாது. இசியு ரிலேக்குக் கட்டளை கொடுத்தது என்பதும் இன்னொரு காசோலைதான்! ஃபேனின் விளக்குக்கு, ரிலேயையும் ஃபியூஸையும் தாண்டி ஃபேனுக்குப் போகும் வயரிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். அந்த மெல்லிய வயருக்குத் தனியாக ஒரு சிறு ஃபியூஸ். அப்போது ரிலே ஒட்டவில்லை என்றாலும், ஃபேன் ஃபியூஸ் போனாலும் விளக்கு எரியாது. ஃபேனின் மோட்டாரே எரிந்துபோயிருந்தால் இதுவும் காட்டாதுதான். ஆனாலும் உண்மைக்கு இரண்டு படி நெருங்கியாயிற்று. செலவு சில அடி வயர்.

"இதெல்லாம் தேவையா?"

கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இசியுவில் காலி அவுட்புட்கள் குறைவு. ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று கொடுக்க முடியாது. கூடுதல் வயர் என்றால் கூடுதல் பழுது. இருட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பார் சிலர். போதும் என்றால் ஹெட்லைட்டோடு சேர்ந்து எப்போதும் மங்கலாக எரியும்படி வைத்துவிடுங்கள். அது எதையும் சொல்லவில்லை, ஆகவே பொய்யும் சொல்லவில்லை. கெட்டுப்போனால் என்ஜினுக்கோ உயிருக்கோ ஆபத்து என்ற இரண்டு மூன்று சுவிட்ச்களுக்கு மட்டும் உண்மை விளக்கு கொடுங்கள். சாவி போட்டதும் அவை சில நொடிகள் எரிந்து அணையும்படி செய்தால், பல்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் கார்களுக்கு இது விதியாகவே இருக்கிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் இந்த வகைப் போட்டிதான். ஃபார்முலா ஸ்டூடண்ட் மின்சாரக் கார்களில், உயர் மின்னழுத்தப் பகுதி 60 வோல்ட்டைத் தாண்டினால் ஒரு விளக்கு சிவப்பாக மின்ன வேண்டும். அது சுவிட்ச்சின் நிலையைக் காட்டக் கூடாது, மென்பொருளின் பேச்சையும் கேட்கக் கூடாது. மின்னழுத்தத்தை நேராக அளந்தே எரிய வேண்டும். காரணம் எளிது. அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் காருக்குள் கையை விடுவார்.

அதே கேள்வியை டாஷ்போர்டில் உள்ள ஒவ்வொரு விளக்கிடமும் கேட்டுப் பாருங்கள். "உன்னை நம்பி ஒருவர் என்ன செய்யப் போகிறார்?" ஒன்றும் செய்யப் போவதில்லை என்றால் அழகுக்கு எரியட்டும். ஏதாவது செய்யப் போகிறார் என்றால், சுவிட்ச்சிலிருந்து வயரைக் கழற்றி, வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.