729 அடுக்கு வேண்டாம், 81 போதும்

ஜனவரி வந்தால் பிரான்ஸில் பாண் கடைக் கண்ணாடிக்குள் வட்ட வட்டமாக கலெட் அடுக்கிவிடுவார்கள். கலெட் தே ருவா, அதாவது அரசர்களின் கலெட். ஜனவரி 6 பண்டிகைக்கு உரியது என்றாலும் மாதம் முழுக்க வீட்டிலும் அலுவலகத்திலும் வெட்டுவார்கள். மேலும் கீழும் அடுக்கு மா, நடுவில் பாதாம் கலவை, அதற்குள் ஒளித்து வைத்த ஃபேவ் என்கிற சின்னப் பீங்கான் பொம்மை. இருப்பவர்களில் ஆகச் சின்னப் பிள்ளை மேசைக்குக் கீழே இருந்துகொண்டு எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லும். ஃபேவ் யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம்.

நான் பாரிசில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் எங்கட வீட்டில் கலெட் காசு கொடுத்து வாங்கினதே இல்லை. அப்பா 1986இல் வந்து, 30 வருஷத்துக்கு மேல் ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலை செய்தவர். விற்காமல் மிஞ்சியது, ஓரம் உடைந்தது எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். வீட்டில் அவர் ஒருநாளும் செய்ததில்லை. "விடிய விடிய பட்டர் மணத்துக்குள்ள நிண்டுட்டு வாறன், இஞ்சயுமோ?" என்பார். ஃபேவ்களை மட்டும் கழுவி ஒரு கோப்பிப் போத்தலில் சேர்த்து வைத்தார்.

இப்போது ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். என் மகளுக்கு 8 வயது. அப்பப்பாவின் பிரெஞ்சைத் திருத்துவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அவர் "லெ தாப்ள்" என்றால் உடனே "லா தாப்ள், அப்பப்பா" என்பாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வகுப்பில் தன்னைத் திருத்துகிற மாதிரித்தான். ஆனால் போன கோடை விடுமுறைக்குப் பிறகு அவர் அவளோடு பிரெஞ்சு பேசுவதையே விட்டுவிட்டார். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் வராது. இரண்டு பேரும் ஒரே சோபாவில் பேசாமல் டிவி பார்ப்பார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் செய்யவில்லை.

அதற்காகத்தான் கலெட் செய்யத் தொடங்கினேன் என்றால் பொய். மகள் கேட்டாள், எனக்கும் ஆசை வந்தது, அவ்வளவுதான்.

முறைப்படி என்றால், பிசைந்த மாவுக்குள் ஒரு பாளம் பட்டரை வைத்து மூடி, நீளமாக உருட்டி, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடிக்க வேண்டும். அது ஒரு 'டூர்'. ஆறு டூர் போட்டால் மூன்றை ஆறு தரம் பெருக்கின கணக்கு: 729 பட்டர் அடுக்கு. ஆயிரம் இலை என்று பொருள்படுகிற மில்ஃபொய்க்கும் இதே மாதான். இடையிடையே குளிரில் வைத்து எடுக்க அரை நாள் போய்விடும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அரை நாள் எங்கே இருக்கிறது?

குறுக்கு வழி இதுதான். 250 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி உப்பு, 200 கிராம் குளிர்ந்த பட்டர். பட்டரை 2 சென்ரிமீற்றர் கட்டிகளாக வெட்டி மாவில் பிரட்டுங்கள், கசக்க வேண்டாம். 120 மில்லி லீற்றர் ஐஸ் தண்ணீர் விட்டு, ஒன்றோடொன்று ஒட்டுகிற அளவுக்கு மட்டும் சேர்த்தால் போதும். பட்டர் கட்டி கட்டியாகத் தெரியும், பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு டூர் போட்டு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு இன்னும் இரண்டு டூர், ஒரு மணி நேர ஓய்வு. நாலு டூருக்குக் கணக்குப்படி 81 அடுக்கு. (பட்டர் துண்டு துண்டாகக் கிடக்கும்போது என்ன கணக்கு என்று கேட்காதீர்கள், தொழில் புத்தி.)

முதல் டூரிலேயே மா மேசையில் ஒட்டிக்கொண்டது. குசினி வாசலில் நின்ற அப்பா, "உதென்ன தம்பி, கொத்து ரொட்டியோ போடுறாய்?" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "பட்டர் உருகுது. உருகினா மாவோட கலந்திடும், பேந்து அடுக்கு வராது, பிஸ்கட்தான் வரும். கொண்டே குளிருக்குள்ள வை."

விஷயம் முழுக்க அதற்குள் இருக்கிறது. பட்டரில் 16 சதவீதம் வரை தண்ணீர். சூட்டில் அது ஆவியாகி மாவைத் தூக்கும், கொழுப்பு அடுக்குகளை ஒட்டவிடாமல் பிரிக்கும். டூரைக் குறைக்கலாம், குளிரையும் ஓய்வையும் குறைக்க ஏலாது. கடையில் மெஷின்தான் உருட்டியதாம். அப்பாவுக்கும் கையால் உருட்டுவது புதுசு.

22 சென்ரிமீற்றரில் இரண்டு வட்டம் வெட்டினோம். பாதாம் மா, சீனி, இளகின பட்டர் தலா 100 கிராம், இரண்டு முட்டை அடித்து நடுவில் பரப்பினோம். (கடைக்காரர்கள் இதோடு கஸ்டர்ட் மாதிரி ஒரு கிரீமும் சேர்ப்பார்கள். தேவையில்லை.) ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டினதும் அப்பா மகளிடம் கத்தியைக் கொடுத்து, பிரெஞ்சில், "இதைச் சிக்தே பண்ணு" என்றார்.

"அப்படி ஒரு சொல் இல்லை, அப்பப்பா."

"இருக்கு."

அவள் போய் அகராதியில் தேடினாள். இருந்தது. மா நேராக எழும்புவதற்காகக் கத்தி முதுகால் ஓரத்தில் வெட்டு வெட்டாக அழுத்துவது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். பட்டர் சேர்க்க முதல் பிசைந்த மா 'தெத்ராம்ப்', அடுக்கு மா வேலைக்கென்றே இருக்கிறவர் 'டூரியே'. ஒரு கொப்பியில் எழுதினாள். எழுத்துக்கூட்டச் சொன்னால் அப்பாவுக்குத் தெரியாது, காதால் கேட்டுப் படித்த பிரெஞ்சு அது. இரண்டு பேரும் சேர்ந்து அகராதியைப் புரட்டினார்கள்.

மஞ்சள் கரு பூசி, நடுவில் ஆவி போக ஒரு ஓட்டை போட்டு, 190 பாகையில் 40 நிமிடம். எங்களுடையது ஒரு பக்கம் எழும்பவே இல்லை. நான் பூசின முட்டை ஓரத்தால் வழிந்து அடுக்குகளை ஒட்டிவிட்டது. நீங்கள் மேலே மட்டும் பூசுங்கள்.

இவ்வளவும் ஏலாது என்றால் கடை மாவை வாங்குங்கள். பிரெஞ்சு வீடுகளிலேயே பலர் அதைத்தான் செய்கிறார்கள், வெட்கம் ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் தாவர எண்ணெய் அல்ல, பட்டர் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாதாம் ஒவ்வாத பிள்ளை வந்தால் அவித்து மசித்த ஆப்பிள் வையுங்கள். வெட்டி மிஞ்சின மாவைப் பந்தாக உருட்டினால் அடுக்கு போச்சு. ஒன்றின் மேல் ஒன்று வைத்து, சீனி தூவி, இரண்டு பக்கமிருந்தும் சுருட்டி வெட்டிச் சுட்டால் பால்மியே. எங்கள் வீட்டில் கலெட்டை விட அதுதான் முதலில் முடிந்தது.

கோப்பிப் போத்தலிலிருந்து ஒரு ஃபேவ் எடுத்து வைத்திருந்தோம். மகள் மேசைக்குக் கீழே இருந்து பெயர் சொன்னாள். ஃபேவ் வந்தது என் மனைவிக்கு.

அடுத்தது குருவாசோன் என்று மகள் சொல்லிவிட்டாள். அப்பா, "அதுக்கு ஈஸ்ட் போடோணும், மெஷின் இல்லாமல் சரிவராது" என்கிறார். இந்த வாக்குவாதம் மூன்று நாளாக நடக்கிறது, பாதி தமிழில், பாதி பிரெஞ்சில். அவர் இன்னமும் "லெ தாப்ள்" என்றுதான் சொல்கிறார்.