கேட்டுவிட்டு விற்போம்!



ஏற்காட்டில் முன்பெல்லாம் கார் ஷெட் என்றால் மண்தரையும் மேலே நாலு தகரமும்தான். இன்று தோட்டத்து பங்களா முதல் சிறிய வீடு வரை கார் ஷெட்டுக்கும் பளிச்சென்று தளம் கேட்கிறார்கள். ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் இன்டர்லாக் டைல்ஸ் என்றால் கொத்தனார் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும். நமக்கும் நல்ல வியாபாரம். மகிழ்ச்சிதான். ஆனால் சேலத்தில் விற்பது போலவே மலைக்கும் விற்கலாமா என்பதே நமது கேள்வி.

நமது அனுபவத்தையே சொல்கிறோம். மழைக்கு முன்பு ஒரு வீட்டுக்குத் துளையில்லாத பி.வி.சி. டைல்ஸ் கொடுத்தோம். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய ஷெட் அது. பின்சுவருக்கு அப்பால் முழுக்க மண். ஐப்பசி மழையில் சுவர் வழியே கசிந்த நீர் டைல்ஸுக்கு அடியில் தங்கிவிட்டது. தை மாதம் பெயர்த்துப் பார்த்தால் பூசணமும் நாற்றமும்! சரக்கில் குற்றமில்லை, இடத்தைப் பற்றிக் கேட்காமல் கொடுத்த நம்மிடம்தான் குற்றம். சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிய வாடகையும் இறக்கிய வாடகையும் நம் கணக்கில் ஏறின. வந்த லாபம் போனதோடு கைமுதலும் கரைந்தது.

ஆகவே, பில் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கும்படி வணிகப் பெருமக்களை வேண்டுகிறோம்.

முதல் கேள்வி: அங்கே ஈரம் உண்டா? சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் ஏற்காடு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களிலும் மழை, போதாக்குறைக்குப் பனிமூட்டம். ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மாலையில் வைத்ததை மறுநாள் காலையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் நீர் முத்துக்கள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ துளையில்லாத டைல்ஸ் கொடுக்காதீர்கள். துளையிட்டு, அடியில் நீர் ஓட வழிவிட்ட பாலிபுரொப்பிலீன் டைல்ஸே அங்கு ஏற்றது. அதற்கும் தரையில் வாசல் பக்கம் வாட்டம் இருக்க வேண்டும். வாட்டம் இல்லையென்றால் முதலில் கொத்தனாரை அழைக்கச் சொல்லுங்கள். டைல்ஸை அப்புறம் விற்கலாம்.

இரண்டாவது கேள்வி: மேலே நிற்கப்போவது என்ன? குழந்தைகள் விளையாடும் நுரைப் பாயும் இன்டர்லாக் என்ற பெயரில்தான் வருகிறது. அதன்மேல் கார் நின்றால் சக்கரம் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். வெளிர்நிற பி.வி.சி.யில் டயர் நின்ற இடம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை பிடிக்கும். மலையேறி வந்த சூடான டயர் என்றால் சொல்லவே வேண்டாம். துடைத்தாலும் அந்தக் கறை போகாது. அடர்ந்த நிறத்தையே எடுத்துக் காட்டுங்கள். ஷெட்டுக்கு வெளியே கார் ஏறிவரும் சரிவுக்கு 60 மி.மீ. கனத்துக்குக் குறையாத சிமெண்ட் பேவர் பிளாக்தான் சரி. அதற்கும் ஓரக்கல் கட்டாவிட்டால், சரிவில் மெல்ல மெல்ல நகர்ந்து இடைவெளி விட்டுவிடும்.

மூன்றாவது கேள்வி: அளவு என்ன? ஓரடி டைல்ஸ் என்று நாம் விற்பது பெரும்பாலும் 300 மி.மீ.தான். ஓரடி என்பதோ ஏறத்தாழ 305 மி.மீ. பத்துக்குப் பதினெட்டு அடி ஷெட்டுக்கு 180 என்று கணக்குப் போட்டால் தவறு. பரப்பளவுக்கே 186 வேண்டும். ஓரங்களில் வெட்டும் சேதாரமும் சேர்த்தால் 200 கொடுப்பதே நல்லது. குறைந்தால் மீண்டும் ஒரு முறை மலையேற வேண்டும். அடுத்த லாட்டில் நிறமும் மாறியிருக்கலாம். வெயிலில் டைல்ஸ் விரியும் என்பதால் சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விடவும் சொல்லுங்கள்.

"இத்தனை கேள்வி கேட்டால் வாடிக்கையாளர் கைபேசியிலேயே ஆர்டர் போட்டுவிடுவார்" என்று நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். விலையில் அந்த வியாபாரத்தோடு மோத நம்மால் முடியாதுதான். ஆனால் வீட்டின் பின்சுவருக்கு அப்பால் மண் இருக்கிறதா என்று அந்தக் கைபேசி கேட்குமா? நாம் கேட்போம். நமக்கு மிஞ்சியிருக்கும் பலம் அதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் விளையும் தீங்குக்கு விற்பனையாளரையும் சில நேர்வுகளில் அது பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் மறைத்தாலோ, அவர் தராத உறுதியை நாமாகத் தந்தாலோ, அதனால் ஒருவர் வழுக்கி விழுந்து காயம்பட்டால் வழக்கு நம் கடை வாசலுக்கும் வரலாம். "எந்த இடத்துக்கும் போடலாம் சார், கவலையே வேண்டாம்" என்ற வழக்கமான பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

ஒரு கார் ஷெட்டில் கிடைக்கும் லாபம் சொற்பம். அந்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லும் ஒரு சொல்லோ, நமக்குப் பத்து வீடுகளைத் தரும், அல்லது பறிக்கும். ஏற்காடு சிறிய ஊர். நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒரே நாளில் மலை முழுவதும் பரவிவிடும்.

கேட்டுவிட்டு விற்போம். விற்றதற்குப் பொறுப்பேற்போம்.