புனிதர் தேவசகாயத்தைத் தெரியும்... அவர் மனைவி ஞானப்பூவைத் தெரியுமா?

குமரி மாவட்டம் ஆரல்வாய்மொழியில் இருக்கிறது காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் இது. 2022 மே 15 அன்று வாடிகனில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் துறவறம் போகாமல், இல்லறத்தில் இருந்து புனிதரான முதல் ஆள் இவர்தான்.

இல்லறம் என்றால் வீட்டில் ஒரு மனைவியும் இருந்திருப்பார் அல்லவா? அவர் பெயர் பார்கவி.

தேவசகாயத்தின் பழைய பெயர் நீலகண்டன். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரத்தில் அரசுப் பணி. கௌரவமான வாழ்க்கை. அப்படி இருந்த குடும்பத்தை ஒரு கட்டத்தில் கஷ்டம் சூழ்ந்தது. கால்நடைகள் செத்தன, விளைச்சல் பொய்த்தது என்கிறது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

விவசாயக் குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். மாடு போனால் உழவு போச்சு, எரு போச்சு, பால் மோரும் போச்சு. வயல் பொய்த்த வருடத்தில் குதிருக்குள் கைவிட்டுப் பார்த்து, மிச்ச நாட்களை எண்ணுவது வீட்டுப் பெண்தான்.

மனமுடைந்திருந்த நீலகண்டனுக்கு ஆறுதல் சொன்னவர் டச்சுத் தளபதி டிலனாய். 1741 குளச்சல் போருக்குப் பிறகு பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்தவர். ஆடு மாடு, சொத்து, பிள்ளைகள் என எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத யோபுவின் கதையை அவர் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

பார்கவியும் கணவர் வழியில் ஞானஸ்நானம் பெற்றார். தெரசா என்பது புதுப் பெயர். தமிழில் ஞானப்பூ.

பெயர் அழகாக இருந்தது. வாழ்க்கை அப்படி இல்லை. மதம் மாறியதற்காகச் சொந்தபந்தம் தொல்லை தரும் என்ற அச்சத்தில், பிறந்த மண்ணை விட்டு வடக்கன்குளத்தில் குடியேறினார். இன்றைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அன்றைக்கு அது திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த ஊர். எல்லைக்கு இந்தப் பக்கம் உறவுகள். அந்தப் பக்கம் ஞானப்பூ.

1749-ல் தேவசகாயம் கைதானார். அரசுத் துரோகம் உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் அவர்மேல் வைக்கப்பட்டன. சாதி வேற்றுமை பாராமல் எல்லோரையும் சமமாக நடத்தியதும் எதிர்ப்புக்குக் காரணம் என்கிறது திருச்சபை. எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மூன்று வருடச் சித்திரவதைக்குப் பிறகு காற்றாடிமலையில் உயிர் பிரிந்தது. உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

தேவசகாயத்தின் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஞானப்பூவுக்கு இதற்குப் பிறகும் 14 வருட வாழ்க்கை இருந்தது. 1766-ல் வடக்கன்குளத்திலேயே இறந்து, அங்கேயே அடக்கமானார்.

அந்த 14 வருடங்களில் அடுப்பு எப்படி எரிந்தது, யார் துணை இருந்தார்கள் என்று விரிவாகச் சொல்லும் கதைகள் ஊரில் புழங்குவதில்லை. கணவர் நின்ற இடம், முழந்தாளிட்ட பாறை, விழுந்த மலை எல்லாமே இன்று மக்கள் தேடிப்போகும் தலங்கள். புலியூர்க்குறிச்சியில் அவர் தாகம் தீர்க்க ஊறியதாக நம்பப்படும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

தேவசகாயம் நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தார். ஞானப்பூ அதே நம்பிக்கைக்காக ஊரையும் உறவையும் கொடுத்தார். பிறகு கணவரையும் இழந்தார். யோபுவின் கதையைக் கேட்டவர் கணவர். அதை வாழ்ந்து முடித்ததில் மனைவிக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு ஜனவரி 14-லும் தேவசகாயம் நினைக்கப்படுகிறார். அறுவடை முடிந்து பொங்கல் வைக்கும் நேரமும் அதுதான். காற்றாடிமலைக்குப் போகிறவர்கள், கணவாய்க்கு அந்தப் பக்கம் வடக்கன்குளத்தில் உறங்கும் ஞானப்பூவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம்.